இடது பக்கம்

தாழையேந்தல் ஊருக்கு வெளியே ஒரு மேடு. மேட்டில் ஓர் ஓட்டுக் கட்டடம். அதில் இருந்தவரை ஊரார் மேட்டுச் சாமி என்றார்கள். வயது நாற்பத்து மூன்று. துறவுக்கு முன்னால் பதினொரு வருடம் பஸ் கண்டக்டர். படித்தது ஏழாம் வகுப்பு. காதில் பென்சில் செருகிக்கொள்ளும் பழக்கம் மட்டும் துறவுக்குப் பிறகும் போகவில்லை.

அவருடைய சீடர் சிவசைலம். வயது அறுபத்து இரண்டு. கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் எழுதிய மூன்று புத்தகங்கள் நூலகங்களில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் படித்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

இவ்வளவு படித்த மனிதர் ஒரு கண்டக்டரிடம் ஏன் வந்து சேர்ந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சாமி எந்தக் கேள்விக்கும் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார். சிவசைலத்துக்கு அது வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்த்ததில்லை. அதனால்தான் வந்தார்.

உபதேசம் கேட்டு வந்தவருக்குச் சாமி ஒரு வேலை கொடுத்தார். ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தினமும் சாயங்காலம், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில். இந்த வேலை முடிந்ததும் உபதேசம் கிடைக்கும் என்று சிவசைலம் நினைத்துக்கொண்டார். சாமி அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஒன்பது பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் இருளாயி. ஐம்பதைத் தாண்டியவள். இந்த வயதில் எழுத்து எதற்கு என்று முதல் நாள் சிவசைலம் கேட்டார்.

"எதுல வைக்கிறோம்னு தெரியாம ஒரு தடவை கைநாட்டு வச்சேன் சார். மறுநாள் எங்க வீட்டுக்குப் பின்னாடி இருந்த பாதையை அடைச்சுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் சுத்தித்தான் போறேன்" என்றாள்.

நாலு மாதம் ஓடியது. இருளாயி எழுத்துக் கூட்டி வாசிக்கும் இடத்துக்கு வந்தாள். அங்கேயே நின்றும் விட்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, சேர்த்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள். சிவசைலம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"விரலை எடு. வேகமா வாசி" என்பார்.

"விரலை எடுத்தா எழுத்து ஓடிப் போயிரும் சார்" என்பாள்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி வகுப்பு முடிந்ததும் அவர் நேரே மேட்டுக்கு ஏறினார். சாமி அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, கல்வின்னா என்ன?"

சாமி நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு வகுப்புல என்ன ஆச்சு?"

"ஒரு வரி வாசிக்கப் பத்து நிமிஷம் சாமி! ஒரே ஒரு வரி. நான் ஒரு காலத்துல ராத்திரிக்குள்ள ஒரு புத்தகத்தை முடிச்சவன். இவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? இந்தப் படிப்பு இவங்களுக்கு எதுக்கு ஆகும்?"

"இப்ப என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"நாளன்னிக்கிலேருந்து வேகமா வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப் போறேன். அதுவும் வரலைன்னா, என்னை விட்டுருங்க."

சாமி அரிவாளின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாளைக்குக் கிராம சபை. எப்பவும் நான் போவேன். நாளைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு. எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்க ஐயா."

"என் கேள்வி?"

"போயிட்டு வந்து கேளுங்க."

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு வேப்பமரத்தடியில் சபை கூடியது. எழுபது எண்பது பேர் இருப்பார்கள். ஊராட்சித் தலைவர், செயலர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரி, மூவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

சிவசைலம் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரப் போனார். தலைவர் விடவில்லை. "பேராசிரியர் தரையில உட்காரலாமா?" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார். தோளில் ஒரு துண்டும் போர்த்தினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சிவசைலம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

செயலர் தீர்மானங்களை வாசித்தார். அதை வாசிப்பு என்று சொல்ல முடியாது. சந்தையில் ஏலம் விடுகிறவர்கூட மூச்சு விடுவார். தெருவிளக்கு, சாக்கடை, மரக்கன்று என்று பதினொன்று ஓடி முடிந்தன. கூட்டம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு தீர்மானப் புத்தகம் வந்தது. நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. விரித்தால் இடது பக்கம் தீர்மானங்கள், வலது பக்கம் கையெழுத்துக்கான கட்டங்கள். அந்த ஊரில் நோட்டு வந்தால் எல்லோரும் வலது பக்கத்தைப் பார்ப்பார்கள், செயலர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுக் காராசேவும் டீயும் வாங்கப் போவார்கள். இடது பக்கம் ஒன்று இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

"முதல் கையெழுத்து நம்ம பேராசிரியர்தான்" என்றார் தலைவர்.

சிவசைலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து மை பேனாவை எடுத்தார். செயலர் விரல் வைத்த இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். கீழே எம்.ஏ., பிஎச்.டி. என்றும் எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை, பக்கத்துக் கட்டத்தில் கொஞ்சம் போயிற்று.

"சாரே போட்டுட்டாரு, அப்புறம் என்ன" என்று நோட்டு கைமாறிக்கொண்டே போனது. நாற்பது கையெழுத்து ஆயிற்று. நாற்பத்தோராவது இடத்தில் நின்றது.

இருளாயி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கத்தில் விரலை ஊன்றியிருந்தாள்.

"இங்க போடும்மா" என்றார் செயலர், வலது பக்கத்தைக் காட்டி.

"போடுறேங்க. என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போடுறேன்."

"அதான் வாசிச்சேனே?"

"அது ஓடிருச்சுங்க. எனக்குக் கூட்டி வாசிச்சாத்தான் புரியும்."

கூட்டத்தில் சிரித்தார்கள். டீ ஆறுகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். சிவசைலத்துக்கு மானம் போவது போல இருந்தது. தன் மாணவி, அதுவும் இந்த இடத்தில், அந்த விரலோடு.

"இருளாயி, நேரமாகுது. கையெழுத்துப் போட்டுட்டுக் கொடு. நான் போட்டிருக்கேன் பாரு" என்றார்.

"உங்களுக்கென்ன சார், பெரிய படிப்பு. பாத்த உடனே விளங்கிரும். எனக்கு அப்படியா?"

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னாள்.

முதல் தீர்மானம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. சிலர் எழுந்து போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி மட்டும் கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது தீர்மானத்துக்கு வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

"ப... ய... ன்... பா... ட்... டி... ல்... பயன்பாட்டில். இ... ல்... லா... த. இல்லாத." நிறுத்தினாள். "சார், பயன்பாடுன்னா?"

"உபயோகம்" என்றார் சிவசைலம்.

"உபயோகத்துல இல்லாத... ஊ... ரு... ணி... யை. ஊருணியை. மூ... டி. மூடி."

வேப்பமரத்தடியில் பேச்சு நின்றது.

அந்த ஊருக்கு ஒரே ஓர் ஊருணி. எங்கே துளை போட்டாலும் உப்புத் தண்ணீர் வரும் பூமி அது. ஊருணித் தண்ணீர் மட்டும் இனிக்கும். அதன் கரையில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். கைப்பிள்ளையைத் தூக்கி வருகிறவள்கூட வேலியருகே செருப்பை விட்டுவிட்டுத்தான் ஏறுவாள். அது இல்லையென்றால் குடத்தோடு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சிவசைலமும் நாலு மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்.

இருளாயி மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பயன்பாட்டில் இல்லாத ஊருணியை மூடிச் சமப்படுத்தி, அந்த இடத்தைத் தனியார் கிடங்கு கட்டக் கொடுக்க இந்தச் சபை ஒருமனதாகச் சம்மதிக்கிறது. அவ்வளவுதான் வாக்கியம். அதை முடிக்க அவளுக்கு வியர்த்துவிட்டது.

நிமிர்ந்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, செயலரைப் பார்க்கவில்லை. சிவசைலத்தைப் பார்த்தாள்.

"காலையில ரெண்டு குடம் எடுத்தேனே சார். நீங்க வேற கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப நான்தான் தப்பா வாசிக்கிறேனா?"

தலைவர் அவசரமாகக் குனிந்து சிவசைலத்தின் காதருகே சொன்னார். "ஆமான்னு சொல்லுங்க சார். விவரமா அப்புறம் பேசிக்கலாம்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் நம்பிவிடுவாள். நாலு மாதம் கற்றதை அந்த இடத்திலேயே கீழே போட்டுவிட்டு, செயலர் விரல் காட்டிய கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். முப்பத்தைந்து வருடம் எத்தனையோ கேள்விகளுக்கு மேடையில் நின்று பதில் சொன்னவர் சிவசைலம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க இருளாயிம்மா" என்றார். "நான்தான் வாசிக்காமப் போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு நடந்தது சத்தம். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். கடைசியில் அதிகாரி எழுந்து, சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. தலைவர் தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தார்.

ஒன்பதாம் தீர்மானத்தை அதிகாரி அடித்தார். சபை என்ன சொல்கிறதோ அதை எழுதச் சொன்னார். செயலர் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. சிவசைலம் தன் மை பேனாவை எடுத்து இருளாயியிடம் நீட்டினார்.

ஊருணியில் தண்ணி இருக்கு. நாங்க குடிக்கிறோம். மூடக் கூடாது.

மூன்று வரியும் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. ஓர் எழுத்தில் பிழை இருந்தது. சிவசைலம் திருத்தவில்லை. எல்லோரும் அதற்குக் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். அவர் போடும்போது பட்டங்களை விட்டுவிட்டார்.

சாமி மேட்டில் இல்லை. தேடிப் போனபோது ஊருணிக் கரையில் இருந்தார். கரையில் முளைத்த முள்ளை வெட்டிக் குவித்திருந்தார். சிவசைலம் வேலியருகே செருப்பை விட்டார். துண்டை மடித்துச் செருப்பின் மேல் வைத்தார். ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நடந்ததையெல்லாம் சொன்னார். கையெழுத்தையும் சொன்னார், கீழே போட்ட பட்டங்களையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சாமி?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா முள்ளு வெட்ட வந்திருப்பேனா?"

"இதுவரைக்கும் நீங்க சபையில கையெழுத்துப் போடும்போது..."

"நானும் வலது பக்கந்தான் பார்த்திருக்கேன்" என்றார் சாமி. காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார், மறுபடி செருகிக்கொண்டார். "மூணு வருஷமா."

எதிர்க்கரையில் இரண்டு பெண்கள் குடத்தை முக்கினார்கள். சாமி இறங்கிப் போய் இரு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு வகுப்பு உண்டா?"

"உண்டு சாமி."

"வேகமா வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப் போறேன்னீங்களே."

சிவசைலம் தலை குனிந்தார்.

"சொல்லிக் கொடுங்க. வேண்டாம்னு சொல்லலை. கொஞ்ச நாள் போகட்டும்."

"எவ்வளவு நாள்?"

சாமி அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாம ரெண்டு பேரும் மெதுவா வாசிக்கக் கத்துக்கிற வரைக்கும்."