எல்லை நிலையத்தின் ஆறாம் பாகம்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்து நான்கு. எண்கள் இடம் மாறிவிட்டனவோ என்று சந்தேகிக்க வேண்டாம், நடந்தது அப்படித்தான்.

சீடர் தண்டபாணி, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு மெஹருன்னிசா, தில்லைநகரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். திருச்சி விண்வெளித் தொடர் ரசிகர் மன்றத்தின் தலைவி. விண்கலம் பறக்கிற தொலைக்காட்சித் தொடர்களில் அவர் பார்க்காதது ஒன்றே ஒன்று. கதை அதைப் பற்றியது.

மன்றம் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, இருப்பதில் சிறந்த தொடர் எது, படுமோசமானது எது என்று வாக்கெடுக்கும். ரகசிய வாக்கு கிடையாது. எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மோசம் என்று சொல்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு: முழுதும் பார்க்காமல் எதையும் திட்டக் கூடாது. விதியை எழுதியவர் குரு. இவ்வளவு நாகரிகமான விதி வேறு எந்த ஊர் மன்றத்திலும் இல்லை என்பதில் உறுப்பினர்களுக்குத் தனிப் பெருமை.

பதினைந்து ஆண்டுகளாக முதலிடம் 'எல்லை நிலையம்' தொடருக்கு. இரண்டு விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே ஒரு சுங்கச்சாவடி. அங்கே வேலை பார்க்கும் மனிதர்கள், மனிதரல்லாதவர்கள். மூன்று கண் கொண்ட தூதர் ஒருவர் தமிழ் டப்பிங்கில் திருநெல்வேலிப் பேச்சு பேசுவார்; மன்றத்தில் அவருக்குப் பெயர் அண்ணாச்சி. ஐந்து பாகங்களைத் தமிழில் காட்டிய பிறகு அதை ஒளிபரப்பிய சேனல் மூடப்பட்டது. ஆறாம் பாகம் ஆங்கிலத்தில் மட்டும் வெளிவந்தது. அதன் லட்சணத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. திருச்சியில் யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு வகை பக்தி.

இந்த ஆண்டு வாக்கெடுப்புக்குச் சென்னை மன்றத்தின் செயலாளர் இன்பசேகர் விருந்தினராக வருவதாக இருந்தது. ஒரு வாரம் முன்னதாக அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"திட்டுவதற்கு முழுதும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். புகழ்வதற்கு வேண்டாமா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து ஹோட்டலுக்கு முதல் பரிசு கொடுக்கிற ஊர் உங்களுடையது மட்டும்தான்."

அன்று மாலையே தண்டபாணி ஒரு பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"குருவே, பெங்களூர்ல இருக்கிற அக்கா பையன் ஆறாம் பாகத்தை வாங்கி அனுப்பிட்டான். எட்டு எபிசோடு."

"பாத்தீங்களா சார்?"

"கவரையே பிரிக்கல."

"ஏன்?"

"பயமா இருக்கு. பதினஞ்சு வருஷமா நான் எழுந்து நின்னு சண்டை போட்ட தொடர். இதைப் பாத்தா முதலிடம் போயிடும். எடுத்துக் காட்டணுமா, பீரோவில வச்சுப் பூட்டணுமா? நீங்களே சொல்லுங்க."

குரு கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் பாக்கல குருவே? நேரம் இல்லையா?"

"தைரியம் இல்லை."

சீடர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் மூணு மணிக்குத்தானே சார்?"

"ஆமா."

"காலைல ஒன்பதுக்கே வரச் சொல்லுங்க. எல்லாருக்கும் எலுமிச்சை சாதம் சொல்லிடுங்க."

"இன்பசேகருக்குமா?"

"அவருக்கு ரெண்டு பொட்டலம். பாதியில எழுந்திருக்கக் கூடாது."

ஞாயிறு காலை இருபத்திரண்டு உறுப்பினர்களும் ஒரு விருந்தினரும் ஆறாம் பாகத்தைப் பார்த்தார்கள்.

தயாரிப்பாளரிடம் பணம் தீர்ந்துபோயிருந்தது முதல் காட்சியிலேயே தெரிந்தது. சுங்கச்சாவடி ஒரு கூடாரமாகியிருந்தது. சாவடியின் தளபதியாக இதுவரை நடித்தவருக்குப் பதில் வேறொருவர் நடித்தார். கதையில் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தூதரின் மூன்றாவது கண்ணை ஒரு தொப்பி மறைத்தது. அவர் வாயைத் திறந்ததும் ஆங்கிலம் வந்தது. பின்வரிசையில் ஒருவர், "ஐயோ, அண்ணாச்சி!" என்று அலறினார். ஐந்து பாகங்களாகத் துரத்தப்பட்ட வில்லன் கடைசி எபிசோடில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போனான்.

விளக்கைப் போட்டார்கள். தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்றார் இன்பசேகர். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை.

"ரொம்ப மோசம்," என்றார் குரு.

"அப்போ மாத்திடலாமா மேடம்?"

"ஓட்டுப் போட்டுடலாம்."

குருவே முதலில் எழுந்தார். "எல்லை நிலையம். முதல் அஞ்சு பாகத்தை யாரும் நம்மகிட்டயிருந்து திருப்பி வாங்கிக்கல."

அடுத்தவர் 'செம்மண் நகரம்' என்றார். செவ்வாயில் குடியேறியவர்களைப் பற்றிய தொடர். ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிந்தது. அவர் சொன்ன காரணமும் அதுதான். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். பிறகு எல்லை நிலையத்துக்கு மூன்று வாக்குகள். மறுபடி செம்மண் நகரம். அண்ணாச்சிக்காக அலறியவர் செம்மண் நகரத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்தொரு பேர் முடிந்தபோது எல்லை நிலையத்துக்குப் பதினொன்று, செம்மண் நகரத்துக்குப் பத்து. மிச்சம் தண்டபாணி.

அவர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சார் யோசிக்கிறாரு," என்றார் இன்பசேகர். "யோசிக்க வேண்டிய விஷயம்தான்."

"எல்லை நிலையம்," என்றார் தண்டபாணி.

"காரணம்?"

"தொப்பிக்கு அடியில கண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும்."

குரு பலகையில் எழுதினார். முதலிடம், பன்னிரண்டு வாக்கு. இன்பசேகர் எல்லாருக்கும் கை கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது தண்டபாணியிடம் மெதுவாகக் கேட்டார்.

"போன வருஷம் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு, இல்லையா சார்?"

அவர் போன பிறகும் தண்டபாணி வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"அந்த ஆள் சொன்னது சரிதான் குருவே. போன வருஷம் இருபத்திரண்டு பேர். இப்போ பன்னிரண்டு. பத்துப் பேரை விட்டுட்டோம்."

"போன வருஷம் முழுசாப் பாத்துட்டு ஓட்டுப் போட்டவங்க ஒருத்தர்கூட இல்லை சார்," என்றார் குரு. "இன்னைக்குத்தான் பன்னிரண்டு பேர் வந்திருக்காங்க."