கம்பெனி டயருக்குப் பத்துக்கு எத்தனை?

பாளையங்கோட்டையில் ஒரு கார் சர்வீஸ் நிலையம். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு உள்ளே ஒரு ஏசி அறை உண்டு. அங்கேதான் வினோதினி கையில் டேப்லெட்டோடு வந்து நின்றாள். புது வண்டி வாங்கியவர்களிடம், வண்டியோடு கம்பெனியிலிருந்தே வந்த டயர் திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்வது அவள் வேலை. அன்றைக்குத்தான் முதல் நாள்.

அறையில் இரண்டே பேர். ஒருவர் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் ஆறுமுகநயினார். இன்னொருவர் மேலப்பாளையத்தில் பேக்கரி நடத்தும் ஜுலைகா பீவி. இருவருக்கும் ஒரே மாடல் வண்டி, ஒரே டயர். வினோதினி விவரம் தெரியாமல் நயினாரிடம் முதலில் போய்விட்டாள்.

"சார், வண்டியோட வந்த டயர் எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

நயினார் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டார்.

"மார்க்கா? இந்த டயருக்கு மார்க் போட நான் யாரும்மா? வண்டி எடுத்த அன்னைக்கு வண்ணார்பேட்டை சிக்னல்ல பிரேக் புடிக்கேன். வண்டி நின்னுட்டு. ஆனா டயரு ரோட்டை விடல. புடிச்ச புடியில ரோடே சுருண்டு வந்துட்டு, பாய் சுருட்டுத மாதிரி. எங்கயோ பைபாஸ்ல நின்ன லாரி எல்லாம் என் பக்கத்துல வந்து நிக்கி. டிரைவர்மாரு இறங்கி வந்து, 'அண்ணாச்சி, எங்களுக்கு டீசல் மிச்சம்'னு கும்புடுதாவ."

ஜுலைகா பீவி செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ரோடு சுருண்டா நடுவுல இருந்த பாலம் என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"அதை மடிச்சு ஓரமா வச்சிருந்தோம். சாயங்காலம் ஆளுவ வந்து விரிச்சுட்டாவ."

வினோதினி 'பிடிமானம்: நன்று' என்ற கட்டத்தைத் தொட்டாள். "ஓடும்போது சத்தம் வருதா சார்?"

"சத்தமா? எங்க வீட்டுக்காரி பின் சீட்டுல உக்காந்து வெத்தலை மடிக்கா. நாகர்கோயில்ல அவ அக்கா வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துதேன். கதவத் தொறந்தா, 'எப்பதான் வண்டிய எடுப்பீய?'ன்னு என்னைய ஏசுதா! நகந்ததே அவளுக்குத் தெரியல. அக்காக்காரி வந்து கையப் புடிச்சு இழுக்கா. 'நீ எப்பக்கா திருநெல்வேலி வந்தே?'ன்னு இவ கேக்கா. நாகர்கோயிலுக்குப் போனதா இன்னைக்கு வரைக்கும் அவ ஒத்துக்கிடலயே."

"என் வண்டியிலயும் இதே டயருதான்," என்றார் ஜுலைகா பீவி. "எம்பது தாண்டுனா மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இரையுது."

"அது டயரு சத்தம் இல்ல தங்கச்சி. டயரு அவ்வளவு அமைதியா இருக்கதால ஊர்ச் சத்தம் எல்லாம் தெளிவா கேக்கு. செங்கோட்டையில எவனோ நிஜமாவே மாவு அரைச்சிருப்பான்."

வினோதினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மழையில எப்படி சார்?"

"கேட்டியே ஒரு கேள்வி! போன ஐப்பசியில தாமிரபரணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. அக்கரையில என் தோட்டம், அன்னைக்குத் தார் வெட்டியாவணும். பாலத்துல போலீசு மறிச்சுட்டாவ. நேரா ஆத்துக்குள்ள விட்டேன். டயருல வெட்டு வெட்டா பட்டன் இருக்குல்லா? தண்ணி பூரா அந்த வெட்டுக்குள்ள ஏறிக்கிட்டு. அக்கரையில ஏறித் திரும்பிப் பாக்கேன், ஆத்துல வெறும் மணலு. பொம்பளையாளுவ சீலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மீன் பொறக்குதாவ."

"அந்தத் தண்ணி எல்லாம் எங்க சார் போச்சு?" வினோதினி தன்னை மறந்து கேட்டாள்.

"டயருக்குள்ளதான். தோட்டத்துல வரப்பு வரப்பா வண்டிய உருட்டுனேன். கோடை முடியுத வரைக்கும் மோட்டாரே போடல."

"அணைக்கட்டுக்காரங்க சும்மாவா விட்டாவ?" என்றார் ஜுலைகா பீவி.

"'அண்ணாச்சி, அடுத்த தடவை இறங்குததுக்கு முன்னால ஒரு போன் போட்டுருங்க'ன்னு கெஞ்சுனாவ."

"பட்டன் தேயுதா சார்?"

"தேயவா? இது வளருதும்மா! மாசம் ஒருக்கா சலூன்ல விட்டுக் கத்திரிக்கேன். ஆரியங்காவு மலையில நான் வளைவுக்குத் திரும்புததே கிடையாது. செங்குத்தா பாறையில ஏத்திருவேன், பல்லி மாதிரி. ஒருநாள் பாதிப் பாறையில நிறுத்திட்டு தயிர்சாதம் சாப்புடுதேன். மேல இருந்த குரங்கு ஒண்ணு எட்டிப் பாத்துட்டு, தான் வச்சிருந்த பழத்தை எனக்குப் போட்டுட்டுப் போயிட்டு."

ஜுலைகா பீவி சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என் மவ கொல்லத்துல இருக்கா அண்ணாச்சி. ஏழு மாசம். நாளைக்கு அந்த ஆரியங்காவு மலை வழியாத்தான் அவளைக் கூட்டிட்டு வரணும். அங்க ஒரே மழைங்காவ. டயரை மாத்துவமா வேண்டாமான்னு காலையிலேர்ந்து ஒரே யோசனை. நீங்க சொல்லுததுல முக்காவாசி கதைன்னு தெரியும். ஆனா கொஞ்சமாவது நிஜம் இருக்கும்லா? அந்தக் கொஞ்சம் போதும் எனக்கு. மாத்த வேண்டாம்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டு வாரேன்."

அவர் கதவில் கை வைப்பதற்குள் நயினார் வெறுங்காலோடு ஓடிப்போய் மறித்தார்.

"தங்கச்சி, வேண்டாம். மாத்திருங்க. நாலையும் மாத்திருங்க."

குரலே மாறிப்போயிருந்தது. சட்டைக் கையை மேலே மடக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நாலைந்து நகக்கீறல்கள், இன்னும் ஆறாமல்.

"போன வாரம் அதே மலை. லேசான தூறல்தான். ஒரு வளைவுல பிரேக் புடிச்சேன், வண்டி என் பேச்சைக் கேக்கல. பக்கவாட்டுலயே போயி தடுப்புச் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் பள்ளம். எங்க வீட்டுக்காரி புடிச்ச புடி இது. அதுக்கப்புறம் அவ வண்டியில ஏறவே மாட்டேங்கா. நான் இங்க வந்திருக்கதே டயரு மாத்தத்தான்."

ஜுலைகா பீவி அந்தக் கையைப் பார்த்தார். "அல்லா காப்பாத்துனான்," என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் போனார். நாலு டயரையும் மாற்றச் சொல்லும் அவர் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது.

வினோதினி இதுவரை தொட்ட கட்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப மொத்தமா எத்தனை சார் போடட்டும்? சைபரா?"

"சைபரா?" நயினாருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலிக்குத் திரும்பி மறுபடியும் சம்மணம் போட்டார். "யாரு டயரைப் பாத்து சைபருங்கே? நானும் வயசுப் பையனா இருந்ததுலேர்ந்து வண்டி ஓட்டுதேன். வழுக்குததுன்னு வந்துட்டா, இதை அடிச்சிக்கிட உலகத்துல ஒரு டயரு கிடையாது. பத்துக்குப் பத்து போடும்மா!"