உருளிக்குத் துணை உருளி

நெட்டூரணி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

அங்கே பூவலிங்கம் என்று ஒருவர். அவருடைய தங்கை வடிவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பாயசம் வைக்க மாப்பிள்ளையின் அம்மா திரவியத்தம்மாள் தன் வீட்டு வெண்கல உருளி ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு அகலம். மாமியாருக்கு மாமியார் என்று மூன்று கை மாறி வந்த பாத்திரம். பாயசம் தீர்ந்ததும் வடிவு அண்ணனைக் கூப்பிட்டு, "உள்ளயும் வெளியயும் சேத்து நல்லா விளக்கிட்டு வாங்கண்ணே" என்றாள்.

பூவலிங்கம் இரண்டு கூட்டாளிகளோடு கோயில் குளத்துக்குப் போனார். ஒருவர் ஆவுடையப்பன். "மழை வந்தா துணியை எடுத்து உள்ள போடுங்க" என்று மனைவி சொல்லிப் போக, மழை வந்ததும் இடுப்பு வேட்டியை அவிழ்த்து வீட்டுக்குள் போட்டுவிட்டு வாசலில் நின்றவர் அவர். கொடியில் கிடந்ததெல்லாம் நனைந்து போயிற்று. மனைவி கோமு அன்றைக்கே பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. மற்றவர் உச்சிமாகாளி. அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவரும் அப்படித்தான்.

உள்ளேயும் வெளியேயும் சேர்த்து விளக்க வேண்டுமே! உச்சிமாகாளி புளியும் சாம்பலுமாக உருளிக்குள் ஏறி உட்கார்ந்தார். மற்ற இருவரும் உருளியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெளிப்புறம் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க அது நகர்ந்தது. நடுக்குளத்தில் உச்சிமாகாளிக்கு முதுகு அரித்தது. அவர் சாய்ந்தார், உருளியும் சாய்ந்தது. அவர் நீந்தி வந்தார், உருளி வரவில்லை.

வடிவு தலையில் கை வைத்துவிட்டாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. "பாதாளக் கரண்டியைக் கட்டி இழுத்தா வந்துரும்ணே. ஆனா அது பக்கத்து ஊருக்குப் போயிருக்கு. ஆள் விட்டு வாங்கிட்டு வரச் சொல்லுதேன்" என்றாள்.

"பாதாளக் கரண்டி கிணத்துல விழுந்த வாளியை எடுக்கதுக்கு உள்ளதுட்டி. இது குளம்" என்றார் பூவலிங்கம்.

"வாளியும் இல்ல, உருளி" என்றார் ஆவுடையப்பன்.

மூவருக்கும் நீச்சல் தெரியும். ஆனால் மேலே நீந்தத்தான் தெரியும், கீழே நீந்தத் தெரியாது. டவுனில் ஒரு லாட்ஜ் நீச்சல் குளத்தில், தண்ணீருக்கு அடியில் மூச்சுவிடக்கூடச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை மூவரும் அங்கே போய் நின்றார்கள்.

வாசலில் ஒரு பலகை: 'குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கவும்.' பக்கத்திலேயே குழாய். மூவரும் நன்றாகக் குளித்தார்கள். பிறகு யோசித்தார்கள்.

"குளிச்சாச்சே, இனி எதுக்குவே குளத்துல இறங்கணும்?" என்றார் உச்சிமாகாளி. அதுவும் நியாயம்தான் என்று தலையைத் துவட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவர்களை, பாடம் சொல்லும் ஃபிளோரா மிஸ் ஓடிப் பிடித்துக் கூட்டிவந்தாள். தூத்துக்குடிப் பெண். கடலுக்கடியில் சுறாவைப் பார்த்தவள். பாவம், நெட்டூரணிக்காரர்களை அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, மொதல் பாடம் இதுதான். மூச்சை அடக்கவே கூடாது. இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும்" என்றாள். முகத்துக்கு மாஸ்க், முதுகுக்குக் காற்று சிலிண்டர், வாய்க்கு ஒரு குழாய். நாலடித் தண்ணீரில் மூவரும் உட்கார்ந்து தூங்குகிற எருமைகளைப் போலப் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டார்கள். மிஸ்ஸுக்கே ஆச்சரியம்.

மத்தியானம் ஓட்டலில்தான் வினை. முதல் கவளத்தை வாயில் வைத்த ஆவுடையப்பன் கையைத் தூக்கினார்.

"மாப்ளே, முழுங்கையில மூச்சு நிக்கிடே!"

மூவரும் வெறும் எச்சிலை விழுங்கிப் பார்த்தார்கள். நின்றது.

"அப்போ இத்தனை வருசமா நாம தின்ன சோறெல்லாம் தப்பா?"

"தப்புதான். ஏதோ நம்ம நல்ல நேரம், உசுரு தப்பிச்சிருக்கோம்."

இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தார்கள். அன்று முழுக்கப் பட்டினி. மறுநாள் குழிவிழுந்த கன்னங்களைப் பார்த்து மிஸ் விசாரித்து, அந்த விதி தண்ணீருக்குள் மட்டும்தான் என்று சத்தியம் செய்த பிறகுதான் இட்லி இறங்கியது. ஆளுக்குப் பதினாலு.

இரண்டாவது பாடம் சைகை. தண்ணீருக்குள் பேச முடியாது, கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போக வேண்டும் என்று அர்த்தம். இவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது லாட்ஜ் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். பயிற்சி பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். மிஸ் திரும்பிப் பார்த்தால் குளத்தில் ஆள் இல்லை. மூவரும் முதுகில் சிலிண்டரோடு மொட்டை மாடியில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே நின்றார்கள்.

"இங்க எதுக்கு அண்ணாச்சி வந்தீங்க?"

"மேல போகச் சொன்னாரு. எது வரைக்கும்னு சொல்லலை. அதான் படி முடியுற வரைக்கும் வந்தோம்."

மிஸ் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைச் சொன்னாள். "அங்க எதை எடுக்கப் போறீங்களோ, அதை மொதல்ல இங்க எடுத்துப் பழகணும்."

எடுத்துப் பழக உருளி வேண்டும். திரவியத்தம்மாள் வீட்டு உருளி ஜோடி உருளி. மூவரும் நேராக அவர் வீட்டுக்கே போனார்கள்.

"இன்னொரு உருளி எதுக்குய்யா?"

"பழகுறதுக்கு, அத்தை" என்றார் பூவலிங்கம்.

கல்யாணத்துக்குள் பாயசம் வைத்துப் பழகுகிறார்கள் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். மனசு குளிர்ந்து கொடுத்தும் விட்டார். "வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வாரேன். ரெண்டு உருளியும் எங் கண்ணு முன்னால இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான், அப்படிப்பட்ட பெண்மணி.

வியாழக்கிழமை அந்த உருளி நீச்சல் குளத்தில் இறங்கியது. அன்றைய பாடம் துணை. "துணையை விட்டுப் பிரியவே கூடாது" என்று மிஸ் சொல்லி வாய் மூடவில்லை, மூவரும் துண்டால் இடுப்போடு இடுப்பாக முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீருக்கடியில் ஆளுக்கொரு திசையில் உருளியை இழுத்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று, உருளி அசையவில்லை.

மிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, குனிந்து மூவர் தலையையும் தட்டி, "எந்திரிச்சு நில்லுங்க!" என்று கத்தினாள். எழுந்து நின்றார்கள். நாலடித் தண்ணீர்தானே, உருளி கையோடு வந்தது.

ஆவுடையப்பன் மட்டும் முகம் வாடி நின்றார். "மிஸ்ஸு, ஒரு சந்தேகம். துணை காணாமப் போயிட்டா என்ன செய்யணும்?"

"ஒரு நிமிஷம் சுத்திமுத்தித் தேடணும். காணலைன்னா நாம மேல வந்து காத்திருக்கணும். துணையும் மேல வந்துரும்."

"தானாவா?"

"தானா வந்துரும் அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ்ஸுக்கும் கலங்கியது, அது வேறு காரணம். சிலிண்டரைத் தரமுடியாது என்று சொல்லி, மூன்று பழைய மாஸ்க்கைக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை குளத்துப் படியில் மூவரும் கூடினார்கள். நடுவில் உருளி.

"இது உருளி. உள்ள கெடக்கது இதோட துணை" என்றார் பூவலிங்கம்.

"துணை காணாமப் போயிருக்கு. ஒரு நிமிஷம் தேடுவோம்."

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சுற்றிலும் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். காணவில்லை. மாஸ்க்கில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் துப்பித் தேய்க்கச் சொல்லியிருந்தாள் மிஸ். ஆனால் படிக்கட்டில் 'இங்கு துப்பாதீர்' என்று எழுதியிருந்ததால் துப்பவில்லை. கண்ணாடி மூன்றும் பால் வார்த்ததைப் போல வெளுத்துக் கிடந்தன.

"இனி உருளி மேல காத்திருக்கட்டும். துணை தானா வந்துரும்" என்று மூவரும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த படித்துறையில் வடிவு நின்றாள். பாதாளக் கரண்டி அன்று விடியற்காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது. கயிற்றில் கட்டி வீசினாள், இழுத்தாள், மறுபடி வீசினாள். பாசி வந்தது, ஒரு பழைய சைக்கிள் செயின் வந்தது. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஊர் எல்லையில் திரவியத்தம்மாள் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே கடைசியாக வீசினாள். கொக்கி உருளியின் வளையத்தில் சிக்கியது.

மூவருடைய மாஸ்க்கிலும் கயிறு தெரியவில்லை, வடிவு தெரியவில்லை. நடுக்குளத்திலிருந்து மங்கலாக ஓர் உருளி எழும்பிப் படியை நோக்கி வருவது மட்டும் தெரிந்தது.

"வந்துட்டு! தானா வந்துட்டு!"

"மிஸ்ஸு வாக்குன்னா வாக்குதான்வே!"

திரவியத்தம்மாள் படியில் இறங்கும்போது இரண்டு உருளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "ஒண்ணுல மட்டும் என்ன பாசி?" என்றார்.

பூவலிங்கம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "விளக்கிட்டு இருக்கோம் அத்தை" என்று வடிவு முந்திக்கொண்டாள். கல்யாணத்துக்குத் தை மாதம் நாள் குறித்தார்கள்.

ஆனால் சங்கதி ஊருக்குள் பரவிவிட்டது. மறுநாள் விடிந்தபோது குளத்துப் படியெல்லாம் ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கொலுசு, ஒற்றைக் கம்மல். ஒருவர் தன் ஒற்றை மாட்டையே கொண்டுவந்து கட்டியிருந்தார். எல்லாம் துணைக்காகக் காத்திருந்தன. அந்த வரிசையின் கடைசியில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஆவுடையப்பன் தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை. செய்தி தாய்வீடு வரைக்கும் எட்டியது. கோமுவுக்குக் கோபம் போய் மனசு இளகிவிட்டது. நாலாம் நாள் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். "எந்திரிங்க, நான் வந்துட்டேன்ல. வீட்டுக்குப் போவோம்."

ஆவுடையப்பன் மாஸ்க்கைக் கழற்றினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். சேலை முந்தானையைப் பிழிந்து பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு குளத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ யாரும்மா? கொஞ்சம் தள்ளி நில்லு. எம் பொஞ்சாதி மேல வர்ற நேரம்."