உப்பளத்து ரத்தம்

டாக்டர் காந்திமதிநாதனுக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது.

பின்னே என்ன? பேரும் புகழும் வந்தபிறகு, ஐம்பது வயது தாண்டி, ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டார் மனிதர். வழிகாட்டியாக வாய்த்தவர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் தலைவி டாக்டர் மைமூன். ஒருகாலத்தில் இவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்ட அம்மா. இன்றைக்கு அந்த அம்மா குரு, இவர் சீடர். "எல்லாம் நேரம்" என்று வீட்டில் பொருமாத நாளில்லை.

ஆராய்ச்சி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. வெயிலில் வெந்து, தாகத்தை அடக்கிக்கொண்டு உப்பு வாருகிறவர்களின் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்று இரண்டு வருடம் பார்க்கவேண்டும். அவ்வப்போது ரத்தம் எடுக்கவேண்டும். முதல் முகாம் முடிந்து, ரத்தம் அடைத்த குழாய்கள் ஆய்வகத்து ஃப்ரீஸரில் வந்து உறைந்துவிட்டன. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் கமிட்டி ஏற்கனவே சரி சொல்லிவிட்டது. ஆய்வகம் ஒத்துழைக்கும் என்று மைமூன் ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்த அம்மா போடவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற கதைதான். டாக்டர் நேரே ஆய்வகத்துக்கே போய்விட்டார்.

"மேடம், என்னதான் நினைச்சுட்டிருக்கீங்க? என்னை இழுத்தடிக்கணும்னே இப்படிப் பண்றீங்களா?"

"உட்காருங்க சார்."

"உட்கார வரலை. உங்க ஆய்வகத்துக்கு என்ன கஷ்டம்? குழாயை வாங்கி ஃப்ரீஸர்ல வைக்கணும், அவ்வளவுதானே? ரெண்டு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் ஒரே நாள்ல, ஒரே மெஷின்ல போட்டாத்தான் கணக்கு சுத்தமா வரும். இது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். அதுல தப்பில்லை. ஆனா ஒவ்வொருத்தர் ரத்தத்திலயும் ஒரு பங்கை அன்னைக்கே போட்டுப் பார்த்து, அவங்ககிட்ட முடிவைச் சொல்லிடுவோம்னு கேட்டேன். நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"நல்லாயிருக்கே! முடிவைச் சொன்னா மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சிடுவான். வேலைக்குப் போகமாட்டான். அப்புறம் நோய் எப்படிப் போகுதுன்னு நான் எதைப் பார்க்கிறது, உங்க மூஞ்சியவா?"

வாய் தவறி வந்துவிட்டது. அதற்காக அவர் வருத்தப்படவும் இல்லை.

மைமூன் கோபப்படவில்லை. "முகாம்ல ஒரு பொம்பளை, அந்தோணியம்மா, கால் ரெண்டும் வீங்கி வந்தாங்களே. ரிசல்ட்டு எப்ப வரும்னு உங்ககிட்ட கேட்டாங்க. என்ன சொன்னீங்க?"

"வரும் வரும்னேன். வேற என்ன சொல்ல?"

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "சரி சார், கையெழுத்துப் போடுறேன். ஒப்பிட்டுப் பார்க்க நல்லா இருக்கிறவங்க ரத்தமும் வேணுமே. முதல் ஆளா நீங்க கொடுங்க" என்றார்.

இதைத்தானே அவர் கேட்டார்! ஜெயித்த சந்தோஷத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். மைமூனே ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். சுழற்றும் மெஷினில் வைத்து எடுத்தார். மேலே தெளிந்து நின்ற நீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்லை சார்." அதைச் சின்னக் குழாயில் மாற்றி, ஒரு எண்ணை ஒட்டி, ஃப்ரீஸருக்குள் வைத்துப் பூட்டினார். காகிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

காகிதத்தோடு வார்டுக்குப் போனவருக்கு வேலை ஓடவில்லை. எதிரே நோயாளி இருமிக்கொண்டிருக்கிறார், இவருக்கு அந்த அம்மா குழாயைத் தூக்கிப் பார்த்த பார்வையே கண்முன் நிற்கிறது. டாக்டருடைய அண்ணன் ஈரல் கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். கண் மஞ்சளானபோது எல்லோரும் வெயில் சூடு என்றார்கள். அந்த நினைப்பு வந்ததும் பாதியில் எழுந்து ஆய்வகத்துக்கே ஓடிவந்தார்.

"மேடம், மறைக்காமச் சொல்லுங்க. என் ரத்தத்தில என்ன பார்த்தீங்க?"

"மஞ்சள் கொஞ்சம் தூக்கலாத் தெரிஞ்சுது சார். வெறுங்கண்ணால பார்த்து எதையும் சொல்லிட முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப மெஷின்ல போட்டுப் பாருங்க!"

"பார்ப்போம் சார். எல்லாத்தையும் சேர்த்து."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் கழிச்சு."

பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்? டாக்டர் மேஜையை ஓங்கி அறைந்தார். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விளையாடுறீங்களா? அது என் ரத்தம்! என் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லமாட்டேன்னு சொல்ல நீங்க யாரு? இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்றது? நீங்களும் வேண்டாம், உங்க மெஷினும் வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல்ல நாலு லேப் இருக்கு. இப்பவே போறேன். சாயங்காலத்துக்குள்ள என் கையில ரிசல்ட் இருக்கும். தெரியுமா?"

"தெரியும் சார்."

மைமூன் எழுந்தார். ஃப்ரீஸர் பூட்டைத் திறந்து கதவை இழுத்தார். குளிர் புகையாக வெளியே வந்தது. உள்ளே தட்டுத் தட்டாக உப்பளத்துக் குழாய்கள். அதுவரை ஒரு சொல் உயராத அந்தக் குரல் இப்போது உடைந்து வந்தது.

"தாராளமாப் போங்க சார். போகும்போது இவங்களையும் கூட்டிட்டுப் போங்க."