குக்ரி வாயை மூடிக்கொண்ட கதை

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத அந்தக் காலத்தில், நேபாள நாட்டில் ஒரே ஒரு வகைக் குக்ரிதான் இருந்தது. குக்ரி என்றால் நமக்குத் தெரிந்த அந்த வளைந்த கத்திதான். இன்றைக்குக் கடையில் போய்க் கேட்டால், மெலிந்ததா, வயிறு பெருத்ததா, அரிவாள் மாதிரி கொக்கி போட்டதா என்று நம் தலையைச் சுற்ற வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்கு ஒரு குக்ரி. புல் அறுப்பதும் விறகு பிளப்பதும் அதுதான், திருநாளுக்கு ஆடு வெட்டுவதும் அதுதான்.

ஆடு பேசிய காலம் அது. மரம் பேசியது, குக்ரியும் பேசியது. பிடிக்குச் சற்று மேலே, கூர்ப்பக்கத்தில் அதற்கு ஒரு சின்ன வாய் இருந்தது. அதைக் கையில் பிடித்து வீச வேண்டிய அவசியமே இல்லை. வேலையைச் சொன்னால் தானே போய் முடித்துவிட்டு வரும். ஆனால் கேட்காமல் போகாது. "எதை?" என்று கேட்கும். விறகு என்று சொன்னால், "எந்த மரம்? காய்ஞ்சதா, பச்சையா? எந்தக் கிளை வரைக்கும்?" என்று துருவும். பதில் முழுசாக வரும்வரை உறையை விட்டு அசையாது. அவசரக்காரர்களுக்கு அதனோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு.

அப்படி ஓர் அவசரக்காரன்தான் ஜேட்டா. கொல்லுவேலை அவனுக்கு. அவன் தம்பி மாயிலா. இந்த இரண்டும் பேர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மலைநாட்டில் மூத்த பிள்ளையை ஜேட்டா என்பார்கள், இரண்டாவது பிள்ளையை மாயிலா என்பார்கள், கடைசிப் பிள்ளையைக் கான்சா என்பார்கள். வைத்த பேர் வேறு ஏதாவது இருக்கும், அது வைத்தவருக்கே மறந்துபோயிருக்கும். சரிவில் நின்று "மாயிலா" என்று ஒரு குரல் கொடுத்தால் ஒன்பது வீட்டிலிருந்து "என்ன?" என்று பதில் வரும். போதாக்குறைக்கு ஆட்டுக்குட்டிகளையும் அதே வரிசையில்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா அம்மா இருவரையும் மண்சரிவு கொண்டுபோனபோது மாயிலாவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. ஜேட்டாதான் முதுகில் கட்டிக்கொண்டு உலைக்கு முன்னால் நின்றான். தம்பி வளர்ந்ததும் வேலை இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் அடிப்பான், தம்பி கூர் வைப்பான். மாயிலாவின் வலது கைபோல் கூர் வைக்கும் கை ஏழு மலைக்கும் இல்லை என்று அண்ணன் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான். தம்பியின் முகத்துக்கு நேரே மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் தலைக்கனம் ஏறிவிடுமாம்.

தசைன் திருநாள் வந்தது. ஜேட்டாவின் மாமனார் மூன்று மலை தாண்டி வந்திருந்தார். எதிலும் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாசலில் உட்கார்ந்தவர், ஜேட்டா குக்ரியோடு பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாயிலாவை முடிச்சுட்டு வா" என்றான் ஜேட்டா. பட்டியில் நின்ற இரண்டாவது கிடாயைத்தான் சொன்னான். கொழுத்த கிடாய். வளர்த்ததே அதற்குத்தான்.

குக்ரி பட்டிக்குப் போனது. "நீதானே மாயிலா?" என்று கேட்டது.

கிடாய்க்கு உயிர் வெல்லமாக இருந்தது. "நானா? மாயிலா உலைக்களத்துல துருத்தி ஊதிக்கிட்டு இருக்காரே, கேக்கலையா?" என்றது. அதில் பொய் ஒன்றும் இல்லைதானே.

குக்ரி குழம்பியது. திரும்பி வாசலுக்கு வந்தது. "எந்த மாயிலா?" என்று கேட்டது.

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன மாப்பிள்ளை, உங்க வீட்டுல கத்திக்கு நீங்க பதில் சொல்லணுமா? எங்க ஊர்ல நாங்க சொல்றதைக் கத்தி கேக்கும்."

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜேட்டாவுக்கு முகம் சிவந்தது. பட்டியைக் கை காட்டியிருந்தால் போதும். ஆட்டை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு அவன் வாயில் அன்றைக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

"எந்த மாயிலான்னு ஒரு கேள்வியா? வாயை மூடிக்கிட்டுச் சொன்னதைச் செய்!" என்று கத்தினான்.

குக்ரி வாயை மூடிக்கொண்டது. உலைக்களத்துக்குப் போனது.

மாயிலா துருத்தியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். குக்ரி உள்ளே வருகிறது. மழுங்கிப்போயிருக்கும், கூர் வைக்க அண்ணன் அனுப்பியிருப்பான் என்று நினைத்தான். "வா வா, திருநாள் அன்னைக்கும் உன்னை விடலையா?" என்று சிரித்துக்கொண்டே, எப்போதும்போல வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். கழுத்துக்கு வந்த வீச்சு அந்தக் கையில் இறங்கியது.

ஜேட்டா ஓடிவந்தபோது தம்பி தரையில் கிடந்தான். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பால் காயத்தைத் தீய்த்து அண்ணன்தான் இரத்தத்தை நிறுத்தினான். அவன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதைப்போல் கொடிய வேலை வேறில்லை. மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் மலை இறங்கிப் போய்விட்டார். கிடாய் பட்டியில் நடுங்கிக்கொண்டே நின்றது. அதை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அதன் வாயிலும் பிறகு வேறு பேச்சு வரவில்லை. மாயிலா என்று சொல்ல வந்து, பாதியிலேயே தொண்டை அடைத்து, மே மே என்று இன்னும் திணறிக்கொண்டிருக்கிறது.

மாயிலா பிழைத்துக்கொண்டான். கண் திறந்து உட்கார்ந்த அன்று அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"கத்தி உன்கிட்டத் திரும்பி வந்து கேட்டுச்சாமே?"

"கேட்டுச்சு."

அதற்குமேல் தம்பி எதுவும் பேசவில்லை. திட்டியிருக்கலாம். நாலு அடி அடித்திருந்தால்கூட ஜேட்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த மௌனத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. உலைக்களத்துக்குப் போய்க் குக்ரியின் முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"என் தப்பு. என்னை வெட்டு" என்றான்.

மூடிய வாயைக் குக்ரி திறந்தது. "உன்னை வெட்டினா அவனுக்குக் கை முளைக்குமா? உங்ககிட்டப் பேர் கொஞ்சம், கோபம் ஜாஸ்தி. இனிமே நான் கேக்கவும் மாட்டேன், நீங்க சொல்லவும் வேண்டாம். என்னை உருக்கு. வேலைக்கு ஓர் உடம்பா அடி. எதுக்கு எதுன்னு பார்த்ததுமே தெரியட்டும். இந்த வாயும் எனக்கு வேண்டாம், எடுத்துடு."

"வாயையாவது விட்டுவைக்கிறேனே" என்று கெஞ்சினான் ஜேட்டா.

"இருந்தப்ப அதை என்ன பண்ணே?" என்றது குக்ரி. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

ஜேட்டா உலை மூட்டினான். மாயிலா எழுந்து வந்து, இடது கையால் துருத்தியைப் பிடித்தான். அந்தக் காலத்து இரும்புக்கு வஞ்சம் கிடையாது, அடிக்க அடிக்க வளர்ந்தது. சிரு என்ற புல்லின் இலைபோல மெலிந்து நீண்ட குக்ரி ஒன்று வந்தது. அது கையில் லேசாக இருக்கும், சண்டைக்கு ஆகும். சிருபாதே என்று அதற்குப் பேர். அடுத்தது, ஆற்றில் கிடக்கும் புதுனா மீன்போல வயிறு பெருத்து வந்தது. கனத்த விறகையும் பிளக்கும். அது புதுனே. புல் அறுக்க, அரிவாளாக வளைந்த ஹன்சியா. ஒவ்வொன்றிலும் முன்பு வாய் இருந்த இடத்தைச் செதுக்கி எடுத்தான் ஜேட்டா. செதுக்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாயிலா இடது கையால் தட்டுத் தடுமாறி எல்லாவற்றுக்கும் கூர் வைத்தான்.

மிஞ்சிய இரும்பில் உறைக்குள் செருகும் அளவுக்கு இரண்டு சின்னக் கத்திகள் தேறின. ஒன்று கர்தா. தோல் உரிக்க, காய் நறுக்க. மற்றதைக் கையில் எடுத்த மாயிலா கூர் வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் கையில் இறங்கிய விளிம்பின் இரும்பு அதில் இருந்தது அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"இதுக்குக் கூர் வேண்டாம் அண்ணா" என்றான். அந்த நாளுக்குப் பிறகு அவன் அண்ணா என்று கூப்பிட்டது அப்போதுதான். "இது யாரையும் வெட்ட வேண்டாம். மத்ததெல்லாம் மழுங்குறப்ப, தேய்ச்சுக் கூர் வைக்க இது கூட இருக்கட்டும்."

அதுதான் சக்மக். தம்பிக்கு இல்லாமல் போன கையை வீடு வீடாக உறையில் செருகிக் கொடுக்கிறோம் என்றே ஜேட்டாவுக்குத் தோன்றியது. அதனால் மனம் ஆறியதா என்றால் இல்லை. சாகும்வரை ஆறவில்லை. எந்தக் குக்ரியை உருவினாலும் வெட்டாமல் கொஞ்சநேரம் நிற்பான். அது கேட்டுவிடாதா என்று காத்திருப்பான்.

அன்று முதல்தான் குக்ரியில் இத்தனை வகை. அன்று முதல்தான் ஒவ்வொரு குக்ரியின் பிடிக்கு மேலேயும் அந்தச் சின்ன வெட்டு, உறைக்குள் கூரில்லாத ஒரு குட்டிக் கத்தி. யார் எதை வெட்டப்போனாலும் அது எந்த மாயிலா என்று கேட்பதில்லை, இறங்கிவிடுகிறது.