வேண்டாம்னு சொன்னது யாரு

காலை ஆட்டாம படு. ம் கொட்டிக்கிட்டே வா, கொட்டலைன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஏரி மாதிரி ஒரு பெரிய கம்மாய். அதுக்கு ஒரு மடைக்காரி, பேரு ராக்காயி. மடையை எப்போ தொறக்கணும், எப்போ அடைக்கணும்னு ஊருக்காக முடிவு பண்றது அவதான். அதுக்குத்தான் ஊரு அவளை வச்சிருந்துச்சு.

அப்போ மார்கழிக் கடைசி. நெல்லு முத்தி நிக்குது, அறுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போ பாத்துப் பேய்மழை. சோன்னு ஊத்துது, விடவே இல்லை. பட்டப்பகல்லயே இருட்டு. கம்மாய் நெறஞ்சு, கரை அங்கங்க புளுக் புளுக்னு கசியுது. மடையைத் தொறந்தா கீழ இருக்கிற நெல்லெல்லாம் முங்கிரும், அவ நெல்லுதான் முதல்ல போகும். தொறக்கலைன்னா கரை ஒடைஞ்சு ஊரே போயிரும். நெல்லு போனா அடுத்த வருசம் வெதச்சுக்கலாம், பிள்ளைகளை வெதைக்க முடியுமா? அவ மடையை அடைச்சிருந்த பலகையைத் தூக்கப் போனா.

அப்போ தடதடன்னு ஊரே ஓடியாந்துச்சு. அவ கொழுந்தன் சடையப்பன் முன்னால வந்து மறிச்சான்.

"மதினி, இது எங்க சோறு. நீங்க ஒருத்தரா முடிவு பண்ணக் கூடாது. எல்லாரையும் கேளுங்க."

சரின்னு கேட்டா, தொறக்கவான்னு. வேண்டாம்னு ஊரே கத்துச்சு. எல்லாரும் முடிச்ச பெறகு இன்னொரு குரலும் வேண்டாம்னுச்சு, தொண்டையில தண்ணி நின்ன மாதிரி. யாரோ கிழவன் பிந்திக் கத்துறான்னு விட்டுட்டா.

அப்புறம் கரையில மண்ணு பொலபொலன்னு சரிஞ்சுச்சு. பயத்துல பாதிப் பேரு கம்முனு ஆயிட்டாங்க. ரெண்டாவது தடவை கேட்டா. பாதிப் பேரு கத்துனா சத்தம் கொறையணுமா இல்லையா? ம், கொறையலை, கூடுச்சு. அதுவும் அவ முதுகுக்குப் பின்னாடி, தண்ணிப் பக்கம் இருந்து வருது. திரும்பிப் பாத்தா, அங்க ஆளே இல்லை.

அப்புறம் எல்லாரையும் துண்டாலயும் முந்தானையாலயும் வாயைப் பொத்தச் சொன்னா. மூணாவது தடவை கேட்டா. ஒரு வாயும் அசையலை. கம்மாய்க்குள்ள இருந்து, காதுகிட்ட பேசுற மாதிரி, மெதுவா வந்துச்சு.

"வேண்டாம்."

கரை ஒடையட்டும்னு காத்துக் கெடந்திருக்கு. என்னதுன்னு கேக்காத, எனக்கும் தெரியாது.

அப்புறம் சடையப்பனே ஓடிப்போயி அவகூடச் சேந்து பலகையைத் தூக்குனான். ஹோன்னு தண்ணி பாஞ்சு நெல்லெல்லாம் முங்கிருச்சு. கரை நின்னுருச்சு, ஊரு பொழச்சுக்கிருச்சு.

மழை விட்டதும் ஊரு மறுபடி கரையில கூடுச்சு. இனிமே யாரையும் எதுக்கும் கேக்க வேண்டாம், எப்பவும் மதினி சொல்றதுதான்னு சடையப்பன் சொன்னான். எல்லாரும் தலையாட்டுனாங்க. அவளுக்குச் சந்தோசமா இருந்திருக்கணும்ல? இல்லை, அவ தண்ணியைத் திரும்பிப் பாத்தா. ஏன்னா, அவளை மடைக்காரி ஆக்குன அன்னிக்கும் இதே கரையில கூடி, ராக்காயிதான் வேணும்னு இதே மாதிரி கத்தித்தான் ஆக்குனாங்க.

"அன்னிக்குக் கத்துனது நீங்க மட்டுந்தானா?"ன்னு கேட்டா.

தண்ணிக்குள்ள இருந்துதான் பதில் வந்துச்சு.

"ம்ஹூம்."

கதை கம்மாய்க்குள்ள போச்சு, நீ போர்வைக்குள்ள போ.