நாற்பது பேரை அலறவைத்த இளவரசி

வெகு காலத்துக்கு முன்னால் செம்பியங்கோட்டை என்னும் நாட்டை ராஜகம்பீரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவரை ஆண்டது இரண்டு வயது நிரம்பாத அவர் மகள் குழல்மொழி. காலையில் ஒருவனுக்குப் பட்டம் கொடுத்து மாலையில் அவனையே சிறையில் போடுகிற ராஜா, அந்தப் பெண் முகம் சுளித்தால் கிரீடத்தைக் கழற்றி விளையாடக் கொடுத்துவிடுவார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. அரச குழந்தை பால் குடிக்கும்போது சங்கு ஊத வேண்டும், முரசு கொட்ட வேண்டும், நாற்பது அதிகாரிகளும் எழுந்து கைகட்டி நிற்க வேண்டும். ராஜாவின் முப்பாட்டனார் ஏற்படுத்தியது. குழல்மொழி வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் வாங்குவாள். கன்னம் உப்ப நாற்பது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். பிறகு, "ப்பூ!"

"ஐயையோ!" என்று நாற்பது பேரும் அலறுவார்கள்.

மூன்று மாதமாக இதே கூத்து. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அரண்மனை வைத்தியர் கைகூப்பிச் சொன்னார்: "மகாராஜா, பாலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது போதாவிட்டால் எலும்பும் பல்லும் உறுதிப்படாது."

ராஜா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "சுண்ணாம்புதானே? இதோ இருக்கிறதே!"

"வேண்டாம் மகாராஜா, குழந்தையின் வாய் வெந்துபோகும்!" என்று பெட்டியின் மேல் பாய்ந்தார் வைத்தியர்.

மாட்டுப்பட்டிக்குத் தலைவர் சிங்கராயர். மந்திரி பதவி மேல் அவருக்குப் பத்து வருஷத்து ஆசை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"பால் கறந்து அனுப்புவது அடியேன் வேலை, மகாராஜா. குடிக்கவைப்பது புத்திசாலிகள் வேலை. நம் தில்லைநாயக மந்திரியார் பெரிய புத்திசாலி என்று ஊரே சொல்கிறதே!"

ராஜா சட்டென்று திரும்பினார். "ஆமாம்! மந்திரியாரே, வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சத்து குழந்தையின் வயிற்றுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் உம் முத்திரை மோதிரம் ராயர் விரலுக்குப் போகும்."

தில்லைநாயகத்துக்கு ஐம்பத்துநான்கு வயது. அந்த மோதிரத்தைக் கழற்றிவிட்டால் தாம் யார் என்று அவருக்கே தெரியாது. நான்கு பிள்ளை பெற்றவர்தான். ஒன்றுக்காவது ஒரு வாய் ஊட்டியதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். நினைவில்லை. இந்த லட்சணத்தில் புத்திசாலிப் பட்டம் வேறு.

மறுநாள் பால் வேளையில், முதல் தடவையாக அவர் கிண்ணத்தை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். அவள் கண் கிண்ணத்தின் மேலேயே இல்லை. எதிரே நின்ற நாற்பது பேர் மேல் இருந்தது. துப்பினாள், அலறினார்கள், கைதட்டிச் சிரித்தாள்.

'அடடா! பெரிய மனிதர்களை ஒரே ஊதலில் ஆட்டிவைக்கிற சுகத்தை யார்தான் விடுவார்கள்? நான் விடுவேனா? ஒரு மோதிரத்துக்கே இப்படிக் கிடந்து தவிக்கிறேனே!' என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சங்கும் முரசும் இல்லை. நாற்பது அதிகாரிகளையும் ராஜாவையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார் மந்திரி. எல்லார் முன்னும் வாழையிலை. இலையில் முருங்கைக்கீரையும் எள்ளும் போட்டுச் சுட்ட கேழ்வரகு அடை, பக்கத்தில் கெட்டித் தயிர்.

"யாரும் குழந்தையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. கேட்டாலும் கொடுக்கக்கூடாது" என்றார்.

"கேழ்வரகா!" என்று கத்தினார் ராயர். "வண்டிக்காரன் தின்பதை இளவரசி தின்பாளா? பால் எங்கே ஐயா?"

"ராயரே, உங்கள் பசு எதைக் குடித்துவிட்டுப் பால் கொடுக்கிறது?"

"குடிக்கவா? அது தழையல்லவா தின்கிறது!"

"தழையில் இல்லாத சத்து பாலுக்குள் எப்படி வந்தது?"

வைத்தியர் தலையாட்டினார். "கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் அந்தச் சத்து உண்டு மகாராஜா. தயிரிலும் உண்டு."

சாப்பாடு தொடங்கியது. குழல்மொழி நடுவில் நின்று வெறும் வாயால் "ப்பூ!" என்றாள். ஒரு தலையும் திரும்பவில்லை. இன்னும் பலமாக, "ப்பூ!"

ராஜாவின் முதுகு துடித்தது.

"சுவர், மகாராஜா, சுவர்!" என்று கிசுகிசுத்தார் மந்திரி.

அவள் ராஜாவின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, தா."

"இது... இது அப்பாவோடது" என்றார் ராஜா, சுவரைப் பார்த்தபடியே.

அவள் மந்திரியிடம் வந்தாள். அவரும் இலையைத் தள்ளி வைத்துக்கொண்டார். குழந்தை தரையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கியது. போச்சு, அழப்போகிறாள். தில்லைநாயகத்தின் கை தானாக மோதிரத்தைத் தடவியது.

இதற்குள், குற்றம் கண்டுபிடிக்க ஒரு விள்ளல் வாயில் போட்ட ராயர் மூன்று அடையை முடித்துவிட்டு நாலாவதில் இருந்தார். நன்றாக முறுகிய அடை. "ஆஹா!" என்று தம்மை மறந்து சொன்னார். அந்தச் சத்தம் கேட்டு ஒரு சின்னக் கை அவர் முழங்கைக்கடியில் நுழைந்தது.

"ஏய்! என் அடை! எடு கையை!"

பாதியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள் குழல்மொழி. தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். ராயர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். அவள் அவர் மடியில் ஏறி, மீதியைத் தயிரில் முக்கி வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மகாராஜா, பிடுங்கிக்கொள்கிறாள்!" என்று ராயர் முறையிட்டார்.

நாற்பது பேரும் திரும்பிவிட்டார்கள். மோவாயெல்லாம் தயிரோடு இளவரசி, தாடியில் எள்ளோடு ராயர். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வண்டிக்காரன் சாப்பாட்டுக்காக என் மகளிடமா மல்லுக்கட்டுகிறீர், ராயரே?"

"முறுகலாக இருந்தது மகாராஜா..." என்று தலைகுனிந்தார் ராயர்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். ராயருக்கும் ஒரு பதவி தருகிறேன். நாளை முதல் தினமும் இளவரசி எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிட வேண்டும். ஒரு விள்ளலும் தரமாட்டேன் என்று சண்டை போட வேண்டும். கடைசியில் தோற்க வேண்டும்."

"எத்தனை நாளைக்கு மகாராஜா?"

ராஜா பதில் சொல்வதற்குள் குழல்மொழி ராயரின் வெறும் இலையைத் தட்டினாள். "தாத்தா, இன்னும்!"

மந்திரி எழுந்து, இளவரசியைப் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ராயர் இலையில் இன்னொரு அடையைப் போட்டார்.